வைசாலிக்குப் பிறந்த வீட்டுக் கோடி

அளத்தங்கரையில் டிவி இல்லாத இடம் இரண்டே இரண்டுதான். ஒன்று அம்மன் இருக்கிற கோயில், மற்றொன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற பழைய உப்பு ஆபீஸ். மற்ற வீடுகள் அத்தனையிலும் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஏழரைக்கு ‘பதினேழாம் நம்பர் வீடு’ ஓடியது. நாலு வருசம் ஓடியது. புயலடித்து உப்புப் பாத்திகளைக் கடல் கொண்டுபோன வருசத்திலும் ஓடியது. விடியுமுன் அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு வந்த பெண்கள், வெடித்த உள்ளங்காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அதைப் பார்த்தார்கள். பார்க்காதவர்கள்போல வாசலில் உட்கார்ந்து ஆண்கள் அதைக் கேட்டார்கள். கதை சின்னக் கதை. ஒரு பணக்கார வீட்டுக் கூடத்தில் வைசாலி என்கிற பெண் செத்துக் கிடக்கிறாள். தலையணையை முகத்தில் வைத்து அமுக்கியது கட்டின புருசன்தான் என்று இரண்டாம் வருசமே காட்டிவிட்டார்கள். ஊருக்கே அது தெரியும். தொடரில் வருகிற இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குத்தான் சாட்சி கிடைக்கவில்லை. அந்தச் சாட்சி கிடைக்கிற நாளுக்காக ஊர் காத்திருந்தது.

கடைசி நாளில் இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு மாற்றல் வந்தது. மாடிப்படியில் கால் தவறி விழுந்து இறந்தாள் என்று எழுதி வழக்கை மூடினார்கள். புருசன்காரன் அவள் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான். பிறகு அதே கூடம், அதே தரை, கழுத்துவரை சேலை இழுத்து மூடிய வைசாலி. நன்றி, வணக்கம் என்று ஓர் எழுத்துகூட வரவில்லை.

“நாசமாப் போவான்!” என்று மூன்றாம் தெருப் பேராச்சி விளக்குமாற்றை டிவி மேல் எறிந்தாள். ஊரில் அந்தத் தொடரைக் கரைத்துக் குடித்தவள் அவள்தான். ஒரு நாள் பார்க்கத் தவறியவள் மறுநாள் அளத்தில் பேராச்சிக்கு அடுத்த பாத்தியில் நின்று வாரினால் போதும், முந்தின நாள் கதை வசனத்தோடு காதில் விழும். டீக்கடையில் ஆண்கள் அதற்குமேல் பொறுக்காமல் வாயைத் திறந்தார்கள்.

“நாலு வருசம் உக்காந்து பாத்ததுக்கு இதானாடே முடிவு?”

“பணக்காரன எந்தக் கதையிலடே தூக்குல போட்டிருக்கான்?”

“எழுதினவன் கையில கெடச்சான்னா உப்புக்குள்ள புதைச்சிருவேன்.”

“புதைச்சா என்ன ஆவும், கெடாம அப்படியே இருப்பான்.”

சிரித்தார்கள், ஏசினார்கள், காசைக் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். போய் டிவியை அணைத்தார்கள். வைசாலி போகவில்லை.

சுவிட்சை அமுக்கினாலும் கிடந்தாள், வயரை உருவினாலும் கிடந்தாள். கேபிள்காரர் அந்தோணியைக் கூப்பிட்டு ஏசியபோது அவர், “மெயினையே புடுங்கிட்டேன் அண்ணாச்சி, எங்க வீட்லயும் கெடக்கா, எம் பொண்டாட்டி அவ தலைமாட்டுல மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கா” என்றார். பக்கத்து ஊர்களில் அடுத்த நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அளத்தங்கரையில் மட்டும், பெரிய டிவியில் பெரிதாகவும் சின்ன டிவியில் சின்னதாகவும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் செத்துக் கிடந்தாள். முதலில் துணியைப் போட்டு மூடிப் பார்த்தார்கள். துணிக்கு உள்ளே பிணம் கிடப்பது துணி இல்லாமல் கிடப்பதைவிட மோசமாக இருந்ததால் எடுத்துவிட்டார்கள்.

யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. அதிசயப்பட நேரமில்லாதபடி வேறொரு சிக்கல் விடிந்ததும் வந்து நின்றது. தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கிறவரை அந்தத் தெருவில் உலை வைக்கக் கூடாது, கோயில் நடை திறக்கக் கூடாது, நல்ல காரியம் நடத்தக் கூடாது என்பது அளத்தங்கரையில் அம்மன் வந்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். இதுவரை ஒரு தெருவில் ஒரு பிணம் கிடந்திருக்கிறது. பக்கத்துத் தெருவில் சோறு பொங்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எல்லாத் தெருவிலும் கிடந்தால் யார் பொங்குவது? பூசாரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, “நெசப் பொணமா கதைப் பொணமான்னு அம்மன்கிட்ட நான் கேக்க முடியாது, கெடக்கா, அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் இட்லி வந்தது. இட்லியோடு வேடிக்கை பார்க்க ஆட்களும் வந்தார்கள். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் இரண்டு நாள் தாங்கியது.

இரண்டாம் தெருக் கடைசி வீட்டில் சந்தனக்கனி தன் டிவிக்கு எதிரே உட்கார்ந்தபடி இருந்தாள். அவளுக்கு அந்தப் பிணத்தின் முகம் ஒன்றும் செய்யவில்லை. கழுத்துவரை இழுத்து மூடியிருந்த அந்தச் சேலைதான் என்னவோ செய்தது. போன தை மாதம் அவளுடைய மூத்த மகள் ராஜகனி ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் கழுத்துவரை வெள்ளைத்துணி சுற்றி வந்து இறங்கினாள். பிறந்த வீட்டுப் பெண்கள் குளிப்பாட்டுகிற வழக்கம் அன்று நடக்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் பண்ணிக் கட்டுப்போட்ட உடம்பு, பிரிக்கக் கூடாது, இருட்டுமுன் எடுக்கணும் என்றார்கள். முகத்துக்கு மட்டும் மஞ்சள் பூசினாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கட்டுக்கு மேலேயே போர்த்தினாள்.

கோடி போடுமுன் பிறந்த வீடு ஒரு கேள்வி கேட்கும். எப்படிச் செத்தா? புகுந்த வீடு அதற்குப் பதில் சொல்லும், ஊர் கூடி நின்று கேட்கும். பதில் ஒத்துப்போனால்தான் கோடி; கோடி விழுந்தால்தான் பிணத்தை எடுக்கலாம். ராஜகனிக்கு அவள் அப்பா லிங்கதுரை கேட்டார். மருமகன் திரவியம், “ஏழரை மணி இருக்கும் மாமா, கெணத்தடிக்குத் தண்ணி எடுக்கப் போனா, கால் வழுக்கிருச்சு” என்றான். போலீசும் அப்படித்தான் எழுதியது. ஊர் கேட்டுக்கொண்டு நின்றது. சந்தனக்கனி மட்டும் மனசுக்குள் ஒன்றைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஏழரை மணிக்குத் தன் மகளை டிவி முன்னாலிருந்து கிளப்பிக் கிணற்றடிக்கு அனுப்ப அந்த அம்மனாலும் முடியாது. ஆனால் அதை எந்தச் சபையில் சொல்ல? யாரைச் சாட்சி கூப்பிட?

அதே திரவியத்துக்குத்தான் இப்போது இளையவள் அனுசியாவைக் கட்டிக்கொடுப்பதாக இருந்தது. தாயில்லாத கைக்குழந்தைக்குச் சித்திதானே தாய் என்று சொந்தக்காரர்கள் பேசிப் பேசி முடித்துவிட்டார்கள். லிங்கதுரை லோடு ஏற்றுவது திரவியத்தின் லாரிகளில். அவர் தலையைக் குனிந்தபடி வெற்றிலை மாற்றினார். வருகிற வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் தாலிகட்டு. அனுசியாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகப் பழகியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. எடுத்துவிடுவது என்று முடிவானது. எல்லா டிவியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஒன்றை வைத்துக் காரியம் செய்தால் ஊருக்கே செய்ததாகும் என்று தலைவர் சுடலைமணி சொன்னார். எந்த டிவி?

“எங்க வீட்டு டிவிய எடுத்துக்கோங்க. கதவு அகலம் இருக்கும், ஆள் படுத்த மாதிரியே தெரியும்” என்றான் திரவியம். வெள்ளிக்கிழமைக்குள் நடை திறக்க வேண்டும் என்று அவனுக்குத்தான் அவசரம் கூடுதல்.

“அது சரி. பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுவா?” என்று கேட்டார் தலைவர்.

நாலு வருசக் கதையில் வைசாலிக்குத் தாய் தகப்பனைக் காட்டவே இல்லை. கொலையுண்ட பெண்ணுக்குப் பிறந்த வீடாக நின்றால் அந்தச் சாவு தன் வீட்டில் எழுதப்படும் என்று ஒவ்வொரு தெருவும் பயந்தது. முதல் தெரு மாட்டேன் என்றது. நாலாம் தெரு, எங்கள் வீட்டில் மாசமாக இருக்கிறவள் இருக்கிறாள் என்றது. வெயில் ஏறியது. பிள்ளைகள் பசியில் அழுதார்கள்.

“இதுக்கு ஏன் இவ்வளவு யோசன?” என்றான் திரவியம். “எங்க மாமா வீடு போடட்டும். அவுகளுக்கு இது புதுசா? போன தடவ ஒரு வார்த்த பேசாம வந்து கோடி போட்டுட்டுப் போனாக. ஊருக்காக இதையும் போடுவாக. என்ன மாமா?”

லிங்கதுரை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அதுவே சம்மதம் என்று ஆனது. ஊருக்கு மூச்சு வந்தது. பறை தட்டி நாலு தெருவிலும் சொல்லிவிட்டார்கள்: வைசாலிக்குப் புகுந்த வீடு மூன்றாம் தெருத் திரவியம் வீடு, பிறந்த வீடு இரண்டாம் தெரு லிங்கதுரை வீடு, நாளைப் பொழுது சாயுமுன் எடுப்பு. பறை தட்டிச் சொன்னதை அளத்தங்கரையில் மாற்றுகிற வழக்கம் கிடையாது. தன் வீட்டு வாசலில் ஒரு பெண்ணின் பிணத்தைத் தானே தூக்கி வைத்து, தன் மாமியார் வீட்டுக்குக் கேள்வி கேட்கிற உரிமையையும் தானே கொடுத்துவிட்டோம் என்பது அப்போது திரவியத்துக்குத் தோன்றவில்லை, ஊருக்கும் தோன்றவில்லை. சந்தனக்கனிக்கு ஒருத்திக்குத்தான் பறைச்சத்தம் தெரு திரும்புவதற்குள் தோன்றிவிட்டது.

அவள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு சேலை எடுத்துவந்தாள். அரக்கில் மஞ்சள் கரை. அனுசியா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏம்மா, அக்காவுக்கும் இதே நெறந்தானே எடுத்த?”

“ஆமா.”

“எனக்கும் ஒருநா இதையேதான் எடுப்பியோ?”

சந்தனக்கனி மகளைப் பார்த்தாள். மஞ்சள் பையில் சேலையை மடித்து வைத்தாள். “சோறு இல்லன்னா பரவால்ல, ஆட்டோவுல வந்த இட்லி இருக்கு, தின்னு. நாளைக்கு எங்கூட வா. எம் பக்கத்துல நில்லு. அம்புட்டுதான் உனக்கு வேல.”

மறுநாள் மூன்றாம் தெருவில் பந்தல் போட்டார்கள். வாழைமரம் தலைகீழாகக் கட்டினார்கள். திரவியத்தின் பெரிய டிவியை நாலு பேர் தூக்கிவந்து பெஞ்சு மேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் விளக்கு, நாழி நிறைய நெல். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள், முதலில் வழக்கத்துக்காக அடித்தார்கள், பிறகு நாலு வருசமாகத் தெரிந்த பெண்ணாயிற்றே என்று அடித்தார்கள், பிறகு அவரவர் வீட்டில் செத்தவர்களை நினைத்துக்கொண்டு அடித்தார்கள். பேராச்சி ஒப்பாரி வைத்தாள். பதினேழாம் நம்பர் வீட்டுக்கு வாழப்போன என் பச்சைக்கிளியே என்று அவள் எடுத்தபோது ஆண்களும் மூக்கைத் துடைத்தார்கள்.

பறை முன்னால் வர, தட்டில் கோடியோடு பிறந்த வீடு வந்தது. லிங்கதுரை ஓரமாக நின்றுகொண்டார். சந்தனக்கனி முன்னே வந்தாள், அனுசியா அவள் கையைப் பிடித்திருந்தாள். திரவியம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “சீக்கிரம் போடுங்க அத்தை, பொழுது சாயுது” என்றான்.

“கேக்க வேண்டியதக் கேட்டுட்டுப் போடுதேன் மருமகனே” என்றாள் சந்தனக்கனி. கையை டிவி பக்கம் நீட்டினாள். “இவ எப்படிச் செத்தா?”

திரவியம் சிரித்தான். “அதான் கதையிலேயே சொன்னாகளே. மாடிப்படியில கால் தவறிட்டா.”

“பொய்!” என்றாள் ஒருத்தி.

அது யாரென்று பார்க்குமுன் இன்னொருத்தி, “தலையாணிய வச்சு அமுக்கினான், நான் பாத்தேன்” என்றாள்.

“வலது கையில. மோதிரம் போட்ட கை.”

“மழ பேஞ்ச அன்னைக்கு. சன்னலு தெறந்து கெடந்துச்சு.”

“வேலைக்காரி கதவுக்குப் பின்னால நின்னா, அவளும் பாத்தா, சொல்லல, பாவி.”

“நானும் பாத்தேன்!” “எங்க வீட்ல எல்லாரும் பாத்தோம்!” “எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுதோம்!”

பந்தலே எழுந்து நின்றது. கிழவர்கள் கைத்தடியைத் தட்டினார்கள். அளத்தங்கரை ஊர் முழுக்கச் சாட்சியாகி நின்றது. சந்தனக்கனி அந்தச் சத்தம் தானாக அடங்குகிறவரை பேசாமல் காத்திருந்தாள். அடங்கியதும், குரலை ஏற்றாமல், அடுத்ததைக் கேட்டாள்.

“எம் மக ராஜகனி எப்படிச் செத்தா?”

பறைக்காரர் பறையைக் கீழே வைத்தார்.

“அத்தை, அது முடிஞ்ச கத” என்றான் திரவியம்.

“இதுவும் முடிஞ்ச கததான். இவ எந்த ஊரு, எந்தச் சாதி, யாரு பெத்த பிள்ள, தெரியாது. எங்கனயோ ஒரு வீட்டுக்குள்ள நடந்ததுக்கு இத்தன பேரு சாட்சி இருக்கிய. எம் பிள்ள இந்தத் தெருவுல, இந்தச் சுவத்துக்கு உள்ள இருந்தா.” அவள் பேராச்சியின் பக்கம் திரும்பினாள். “மதினி, நீங்கதான் சுவத்துக்குச் சுவரு. அன்னைக்கு ஏழரைக்கு உங்களுக்கு என்ன கேட்டுது?”

“நான் நாடகம்லா பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள் பேராச்சி.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு, நாடகத்துல?”

இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பேராச்சியால் முடியாது. “அன்னைக்கு... இன்ஸ்பெக்டரம்மா தலையாணி உறைய எடுத்து வெளிச்சத்துல பிடிக்கா. புருசன்காரன் வாசல்ல நிக்கான். அவ திரும்பிப் பாத்து ஒண்ணு சொல்லுதா.”

“என்ன சொன்னா?”

பேராச்சி வாயைத் திறந்தாள். நாலு வருச வசனத்தில் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறவள், திறந்த வாயோடு நின்றாள்.

“கேக்கல” என்றாள்.

“ஏன் மதினி கேக்கல?”

“சத்தமா இருந்துச்சு.”

“எங்கன?”

பேராச்சி மோவாயைத் திரவியத்தின் சுவர்ப்பக்கம் அசைத்தாள். பிறகு, சின்னப் பிள்ளை செய்த தப்பைச் சொல்கிற குரலில், “ரொம்பச் சத்தமா இருந்துச்சு மதினி. வசனம் கேக்கல. அதான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். அப்பவும் கேக்கல. இன்னும் கூட்டுனேன். பெறவு அந்தச் சத்தம் நின்னு போச்சு” என்றாள்.

எதிர்வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “நானும் கூட்டுனேன்” என்றாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரர், “பேராச்சி வீட்டுச் சத்தம் தாங்காம நான் கூட்டுனேன்” என்றார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, தெருமுனைவரை ஒவ்வொருவராக, கூட்டினேன், கூட்டினேன், கூட்டினேன் என்று சொல்லிவந்தார்கள். அன்றைக்கு மூன்றாம் தெருவில் ஒரு டிவி சத்தத்தை அடுத்த டிவி சத்தம் அமுக்க, அதை அடுத்தது அமுக்க, தலையணை மேல் தலையணையாகத் தெருவே ஒரு பெண்ணின் குரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தரும் கெட்டவர் இல்லை. கதை கேட்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

“எல்லாரும் கிறுக்குப் பிடிச்சு நிக்கியளா?” என்று திரவியம் கத்தினான். “போடுதியளா இல்லியா, அத்தை?”

சந்தனக்கனி தட்டிலிருந்த சேலையை எடுத்தாள். எல்லாரும் பார்க்க விரித்தாள். மறுபடியும் மடிப்பு மாறாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“கேட்டதுக்குப் பதில் வரல. பொறந்த வீடு கோடி போடாது” என்றாள். “சாவு விழுந்த வீட்டுலருந்து பொண்ணு எடுக்கிற வழக்கம் இந்த ஊருல கெடையாது. எங்க வீட்டுப் பொணம் இன்னும் எடுக்கல.” அனுசியாவின் கையைப் பிடித்தாள். திரவியத்தின் வீட்டுக்குள் நடந்துபோய், தொட்டிலில் கிடந்த பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டாள். தடுக்க வந்த திரவியத்தின் தாயை யாரும் தொடவில்லை. மூன்றாம் தெருப் பெண்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். லிங்கதுரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

பிறகு நடந்ததில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திரவியத்தை யாரும் கைது செய்யவில்லை. பேராச்சியும் எதிர்வீட்டுக்காரியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னார்கள்; மூடின கேஸ், கேட்ட சத்தம் என்ன சத்தம் என்று எப்படி எழுதுவது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போயிருக்கிறார்கள். திரவியம் அன்று மாலையே உலக்கையால் தன் டிவியை அடித்து உடைத்தான். உடைந்த ஒவ்வொரு சில்லிலும் வைசாலி முழுதாகக் கிடந்தாள். அவன் தாய் சில்லுகளைப் பெருக்கிச் சாக்கில் கட்டி மூலையில் வைத்திருக்கிறாள். சாக்கின் இழைகளுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறது என்கிறார்கள். லிங்கதுரைக்கு லோடு வேலை போய்விட்டது. அவரும் அளத்தில் உப்பு வாருகிறார்.

ஊர் எத்தனை நாள் பட்டினி கிடக்கும்? பூசாரி அம்மன் முன்னால் பூப்போட்டுப் பார்த்து, பிறந்த வீடு கோடி மறுத்த பிணம் கேள்வியோடு கிடக்கிற பிணம், அதற்குத் தீட்டு பதில் சொல்ல வேண்டிய வீட்டுக்கு மட்டும்தான், பிறந்த வீட்டில் நல்ல காரியம் மட்டும் கூடாது என்று உத்தரவு வாங்கினார். நடை திறந்தது. உலை கொதித்தது. வேறு தொடர்கள் வந்தன. வைசாலி கிடக்கிற திரையில் படம் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே காலுக்கு எண்ணெய் தடவுகிறார்கள். ஏழரை மணிக்கு மட்டும், யார் சொல்லியும் அல்ல, முதல் தெருவிலிருந்து கடைசித் தெருவரை சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குறைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்நேரம் அளத்தங்கரையில் ஒரு வீட்டில் கிண்ணம் விழுந்தாலும் நாலு வீட்டில் கதவு திறக்கிறது.

சந்தனக்கனி வீட்டுப் பரணில் மஞ்சள் பை இருக்கிறது. அனுசியா அளத்துக்குப் போய்வருகிறாள், வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். வைசாலியின் தலைமாட்டில் விளக்கேற்றுவது அவள் வேலை. தவழுகிற குழந்தை டிவிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டி, அம்மா, அம்மா என்கிறது. “அது உங்கம்மா இல்லட்டி” என்று முதலில் சொல்லிப் பார்த்தார்கள், இப்போது சொல்வதில்லை.

“இந்தக் கோடிய எப்பம்மா போடுவ?” என்று அனுசியா ஒருநாள் கேட்டாள்.

சந்தனக்கனி முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், “அவசரம் என்ன, நம்ம ஊரு உப்பு ஊரு. கேட்டதுக்குப் பதில் வார வரைக்கும் அவ கெடாம இருப்பா” என்றாள்.